வாக்கு மாறாத தேவ மனிதன் – சுவார்ட்ஸ் ஐயரின் ஜீவியம்

 

போன மாதம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு சகோதரன் மட்டும் தயங்கித் தயங்கி நின்றார். அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். சபைக்குள்ளே பரிசுத்தமாக இருந்துவிடலாம், ஆபீஸ் வாசற்படி ஏறினால் எப்படி இருப்பது என்று கேட்டார். கூட இருக்கிறவங்க எல்லாரும் கை நீட்டி வாங்கும்போது ஒருத்தன் மட்டும் வாங்காம இருந்தா அவனைச் சும்மா விடமாட்டேங்கறாங்க, பழி போட்டு மாட்டி விடப் பார்க்கிறாங்க என்று சொல்லி அழுதார். இந்த உலகத்துல ஒரு விசுவாசி உத்தமமா இருந்து பிழைக்கவே முடியாதா என்பதுதான் அவருடைய கேள்வி.

நான் தோளில் கை வைத்து ஜெபித்து, ஒரு வசனத்தையும் சொல்லி அனுப்பி வைத்தேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தை உங்களிடத்தில் மறைக்க விரும்பவில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு குடும்பத்தார் பிள்ளையின் கல்லூரி அட்மிஷனுக்காக சபைக் கடிதம் கேட்டார்கள். அவர்கள் நம்மோடு ஆராதிக்க வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. ஐந்து வருஷமாக அங்கத்தினர் என்று எழுதித் தரும்படி கேட்டார்கள். பிள்ளையின் படிப்புதானே என்று நானும் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, கூடவே போனேன். அங்கே இருந்த குமாஸ்தா அந்தக் கடிதத்தைப் படிக்கவே இல்லை. ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, பக்கத்தில் இருந்த கட்டோடு போட்டுவிட்டார். பாஸ்டர்மார் கடிதம் என்றால் அப்படித்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. ஆண்டவரிடத்தில் அழுது மன்னிப்புக் கேட்டேன், மன்னித்தார். ஆனாலும் அந்தச் சகோதரனுக்குப் பதில் சொல்ல என் வாய் கூசியது.

அந்த நாட்களில்தான் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயருடைய சரித்திரத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். வேதாகமக் கல்லூரியில் படித்தபோது பரீட்சைக்காகப் படித்ததுண்டு. இந்த முறை கர்த்தர் அதைக் கொண்டு என்னோடு பேசினார். அதை உங்களோடும் பகிர்ந்துகொள்ளுகிறேன்.

தாயின் பொருத்தனை

சுவார்ட்ஸ் 1726-ஆம் வருஷம் ஜெர்மானிய தேசத்திலே, அந்நாளில் பிரஷ்யா ராஜாவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த சோனன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் இன்றைக்குப் போலந்து நாட்டில் இருக்கிறது. அவர் சிறு குழந்தையாய் இருக்கும்போதே தாயார் மரித்துப் போனார்கள். மரண படுக்கையிலே அந்தத் தாய் தன் கணவரையும் போதகரையும் அழைத்து, இந்தப் பிள்ளையைக் கர்த்தருக்கென்று ஒப்புக்கொடுத்துவிட்டேன், இவனுக்குள் ஊழிய வாஞ்சை எழும்பினால் தடை செய்யாதிருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அன்னாளைப் போல ஒரு தாய்! பிள்ளை வளர்ந்து ஊழியம் செய்ததை அவர்கள் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் அவர்கள் செய்த பொருத்தனை வீண்போகவில்லை.

இருபது வயதில் ஹாலே பட்டணத்துக்குப் படிக்கப் போனார். அங்கேதான் ஆண்டவர் அவருடைய உள்ளத்தைத் தொட்டார். இந்தியாவில் ஊழியம் செய்து திரும்பியிருந்த சூல்ட்சே ஐயர் அப்போது ஹாலேயில் இருந்தார். தமிழ் வேதாகமத்தை அங்கே அச்சடிக்கலாம் என்று ஒரு திட்டம் இருந்தபடியால், அதற்கு உதவியாகச் சுவார்ட்ஸைத் தமிழ் கற்றுக்கொள்ளும்படி ஏவினார்கள். அச்சு வேலை கைகூடவில்லை. ஆனால் கற்ற தமிழ் வீணாகவில்லை. கர்த்தர் தம்முடைய பாத்திரத்தை எங்கே வைத்து எப்படி வனைகிறார் பாருங்கள்!

இந்தியாவுக்குப் போக ஆட்கள் தேவை என்று அழைப்பு வந்தபோது சுவார்ட்ஸ் தன்னை ஒப்புக்கொடுத்தார். தகப்பனார் முதலில் தயங்கினார், பின்பு ஆசீர்வதித்து அனுப்பினார். தனக்கு வரவேண்டிய பிதிரார்ஜித பங்கைக் கூடப் பிறந்தவர்களுக்கே விட்டுவிட்டு அவர் புறப்பட்டார். 1749-இல் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். சீகன்பால்க் ஐயர் கட்டின புது எருசலேம் ஆலயத்திலே அந்த வருஷம் முடிகிறதற்குள்ளாகவே தமிழில் பிரசங்கம் பண்ணினார். அப்போது அவருக்கு வயது இருபத்து நாலு. அதன்பின் நாற்பத்தெட்டு வருஷம் இந்த மண்ணிலேயே இருந்தார். ஒரு முறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. கலியாணமும் செய்துகொள்ளவில்லை.

அவர் வந்து இறங்கின உலகம்

அந்தக் காலத்துத் தமிழ்நாடு அமைதியாய் இருந்த நாடு அல்ல. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒரு பக்கம் யுத்தம். ஆற்காட்டு நவாப் ஒரு பக்கம், தஞ்சாவூர் மராட்டிய ராஜா ஒரு பக்கம், மைசூரில் ஐதர் அலி ஒரு பக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளில் பலர் நவாபுக்கே வட்டிக்குக் கடன் கொடுத்து, வெகுமதி என்ற பெயரில் வாங்கிக் குவித்து, பெரும் பணக்காரராய்க் கப்பல் ஏறினார்கள். 1773-இல் கம்பெனிப் படையின் துணையோடு நவாப் தஞ்சாவூரைப் பிடித்துக்கொண்டார். 1776-இல் அது திரும்ப ராஜாவுக்குக் கொடுக்கப்பட்டது. யார் மாறினாலும் வரி கட்டி நொந்தவன் குடியானவன்தான்.

இந்த உலகத்துக்கு நடுவில்தான் சுவார்ட்ஸ் ஐயர் 1762 முதல் திருச்சிராப்பள்ளியில் ஊழியம் செய்ய ஆரம்பித்தார். அவர் தங்கினது ஒரு பழைய கட்டடத்தின் சிறிய அறை. ஒரு கட்டில் போட்டு அவர் நிற்கிற அளவுக்குத்தான் இடம். சாப்பாடு நம்ம ஊர் சோறும் காய்கறியும். உடை கறுப்புச் சாயம் போட்ட பருத்தித் துணி. பிற்பாடு திருச்சிப் பட்டாளத்துக்குச் சாப்ளினாக அவரை நியமித்துக் கம்பெனி வருஷத்துக்கு நூறு பவுன் சம்பளம் கொடுத்தது. அதில் பாதியை அவர் சபை ஊழியத்துக்கே கொடுத்துவிட்டார்.

1763-இல் திருச்சியில் வெடிமருந்துச் சாலை வெடித்து அநேகர் செத்துப்போனார்கள். அநாதையான பிள்ளைகளுக்காக அவர் ஒரு பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தார். யுத்தத்தில் காயப்பட்டவர்களிடத்தில் போய் அவர்களைப் பராமரித்தார். தமிழ் மட்டும் போதாது என்று நவாபின் அரண்மனையில் பேசுவதற்காகப் பாரசீகமும் இந்துஸ்தானியும், தஞ்சாவூர் அரண்மனையில் பேசுவதற்காக மராட்டியும் கற்றுக்கொண்டார்.

ஒரு நாட்டிய மாணவி கொடுத்த பதில்

ஒரு நாள் அவர் ஒரு நாட்டிய ஆசிரியரையும் அவருடைய மாணவியையும் சந்தித்து, துன்மார்க்கமாய் நடக்கிறவர்களுக்குப் பரலோகத்தில் இடமில்லை என்று புத்தி சொன்னாராம். அந்த மாணவியோ, அப்படியானால் வெள்ளைக்காரரில் ஒருவராவது பரலோகம் போவது அரிதாயிற்றே என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் கேலி பண்ணிச் சொல்லவில்லை, தன் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். கிறிஸ்தவன் என்ற பெயரை வைத்துக்கொண்டு வந்தவர்கள் குடித்தார்கள், கொள்ளை அடித்தார்கள், சொன்ன சொல்லைத் தவறினார்கள். சுவிசேஷத்துக்குப் பெரிய தடை கோவிலிலும் இல்லை, மசூதியிலும் இல்லை. கிறிஸ்தவர்களின் ஜீவியத்தில் இருந்தது. இதைச் சுவார்ட்ஸ் நன்றாய் அறிந்திருந்தார். ஆகவே வாயின் பிரசங்கத்துக்கு முன்னால் கையின் சுத்தம் வேண்டும் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டார்.

சபையின் ஒழுங்கிலும் அவர் முகதாட்சணியம் பார்க்கவில்லை. தஞ்சாவூரைச் சேர்ந்த மராட்டியப் பிராமண விதவை ஒருவர் ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு விவாகமின்றி வாழ்ந்து வந்தார். அந்த அதிகாரி மூலமாகவே அவர் சுவிசேஷத்தை அறிந்து, ஞானஸ்நானம் கேட்டார். அந்த நிலைமையில் கொடுக்க முடியாது என்று சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். ஞானஸ்நானம் கேட்டவர் அதிகாரியின் வீட்டைச் சேர்ந்தவர். ஒரு தலையசைப்பில் எத்தனையோ உதவிகள் கிடைத்திருக்கும். அவர் அதைப் பார்க்கவில்லை. அந்த அதிகாரி மரித்த பிறகு, 1778-இல் பாளையங்கோட்டைக்குப் போய், அந்த அம்மாளுக்குக் கிளாரிந்தா என்று பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் எழுதப்பட்ட அந்த ஊர்ச் சபையின் பதிவேட்டில் நாற்பது பேர். முதல் பெயர் கிளாரிந்தா. அந்த அம்மாள் கட்டின ஆலயத்தை 1785-இல் சுவார்ட்ஸ் ஐயரே பிரதிஷ்டை செய்தார். திருநெல்வேலிச் சீமையில் உண்டான பெரிய அறுவடைக்கு அது ஒரு விதை.

ஐதர் அலியிடம் போன தூதர்

1778-இல் அவர் தஞ்சாவூருக்கு மாறி வந்தார். அடுத்த வருஷமே ஒரு பெரிய சோதனை வந்தது. கம்பெனிப் படை 1779-இல் மாஹே துறைமுகத்தைப் பிடித்தபடியால் ஐதர் அலிக்குக் கடுங்கோபம். யுத்தம் வரும் போல இருந்தது. கம்பெனி சமாதானத்தையே விரும்புகிறது என்று அவரிடத்தில் போய்ச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சென்னைக் கவர்னர் சர் தாமஸ் ரம்போல்ட் சுவார்ட்ஸை அழைத்துப் போகும்படி கேட்டார். ஐதர் அலியும் கம்பெனியின் ஆட்களை நம்பாதவர், ஆனால் இந்தப் பாதிரி வந்தால் பேசலாம் என்று இருந்தவர்.

சுவார்ட்ஸ் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இது ஊழியக்காரன் செய்கிற வேலையா என்று ஜெபத்தில் வைத்தார். இரத்தம் சிந்துகிறதைத் தடுக்க இது உதவலாம், போகிற வழியெல்லாம் சுவிசேஷம் சொல்லலாம், தனக்கு உதவி செய்த கம்பெனிக்கு நன்றியாகவும் இருக்கும் என்று கண்ட பிறகே சம்மதித்தார். ஆனால் புறப்படும் முன்பே தனக்குள் ஒரு தீர்மானம் பண்ணினார்: வழிச்செலவைத் தவிர யாரிடத்திலும் ஒரு காசு வாங்குவதில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஐதர் அலி அவரை மரியாதையோடு வரவேற்றுத் தன் பக்கத்தில் உட்காரச் செய்து பேசினார். ஐதரின் படையில் இருந்த ஐரோப்பியருக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கும் சுவார்ட்ஸ் அங்கே ஆராதனை நடத்தினார். ஒரு முகமதிய மன்னரின் பாளையத்தில் கிறிஸ்துவின் நாமம் தடையில்லாமல் பிரசங்கிக்கப்பட்டது!

திரும்பும்போது ஐதர் அலி முந்நூறு ரூபாய் அனுப்பியிருந்தார். சுவார்ட்ஸ் வேண்டாம் என்று மறுத்தார். திருப்பி எடுத்துக்கொண்டு போனால் தங்கள் உயிருக்கே ஆபத்து என்று கொண்டுவந்தவர்கள் பயந்தார்கள். அதனால் வாங்கிக்கொண்டு, சென்னைக்கு வந்து பணத்தை அப்படியே அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். அவர்களோ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்போதும் தன் பையில் போடவில்லை. அநுமதி கேட்டு, தஞ்சாவூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு முதல் பணமாக அதை வைத்தார்.

தூது பலித்ததா? இல்லை. 1780-இல் ஐதர் அலி பெரும் சேனையோடு கர்நாடகச் சீமைக்குள் புகுந்தார். சமாதானத்துக்காகப் போனவர் மனம் எவ்வளவு நொந்திருக்கும்! உத்தமமாய் நடந்தால் எல்லாம் நினைத்தபடி நடக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று நடந்தது. ஊர்கள் எரிந்துகொண்டிருந்த அந்த யுத்தத்தின் நடுவிலே, இந்தப் பாதிரியை ஒருவரும் தொடக்கூடாது, போகவர விடவேண்டும் என்று ஐதர் அலி தன் சேனைக்குக் கட்டளை கொடுத்திருந்தார். எதிரியின் சேனைக்குள்ளேயும் அவருக்கு வழி திறந்திருந்தது.

ஆயிரம் மாடுகள், எண்பதாயிரம் கலம்

யுத்தத்தோடு பஞ்சமும் வந்தது. ஜனங்கள் கோட்டைக்குள் ஓடி வந்தார்கள். தெருக்களிலே மனுஷர் எலும்பும் தோலுமாய் விழுந்து செத்தார்கள். யுத்தம் வருமுன்னே, விலை குறைவாய் இருந்தபோதே, சுவார்ட்ஸ் அரிசி வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். அதைக்கொண்டு பசித்தவர்களுக்கு ஆகாரம் கொடுத்து வந்தார். யோசேப்பைப் போல முன்யோசனை.

ஆனால் கோட்டை முழுவதற்கும் அது போதுமா? வெளியே கிராமங்களில் தானியம் இருந்தது. ஏற்றி வர மாடுகள் இல்லை. மாடுகளும் ஜனங்களிடத்தில் இருந்தன, ஆனால் அவர்கள் கொடுக்கவில்லை. ஏன்? முன்பு கொடுத்தபோது கூலி கிடைக்கவில்லை. ராஜா ஆள் அனுப்பிப் பார்த்தார், கம்பெனி அதிகாரிகளும் கெஞ்சிப் பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. கோட்டைக்குள் சிப்பாய்கள் பசியால் விழுந்துகொண்டிருந்தார்கள்.

கடைசியில் சுவார்ட்ஸிடத்தில் வந்தார்கள். அவர் கிராமத்தாருக்குச் சொல்லி அனுப்பினார். நீங்கள் கொண்டுவருகிறதற்கு என் கையினாலேயே கூலி கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். இரண்டொரு நாளிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன! கொஞ்ச நாட்களுக்குள் எண்பதாயிரம் கலம் தானியம் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. சொன்னபடியே ஒவ்வொருவருக்கும் கூலி கொடுத்து, கூட ஒரு சிறு வெகுமதியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். கோட்டை பிழைத்தது.

பிரியமானவர்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. ராஜாவிடத்தில் அதிகாரம் இருந்தது, கம்பெனியிடத்தில் துப்பாக்கி இருந்தது. ஒரு சோடி மாடு வரவில்லை. இந்தப் போதகரிடத்தில் இருந்தது ஒரு வார்த்தை மட்டும்தான். அந்த வார்த்தையை நம்பி மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்ல. அவருடைய வேதத்தை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அவருடைய வாக்கை ஏற்றுக்கொண்டார்கள்.

ஏழாயிரம் பேர் திரும்பினார்கள்

இன்னொரு சம்பவம். ராஜாவின் அதிகாரிகளுடைய கொடுமை தாங்காமல் தஞ்சாவூர்க் குடியானவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். வயல்கள் உழவில்லாமல் கிடந்தன. இனி நியாயமாய் நடத்துவோம், வாருங்கள் என்று ராஜா வாக்குக் கொடுத்துப் பார்த்தார். ஒருவரும் நம்பவில்லை. அப்போதும் சுவார்ட்ஸைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் எழுதி அனுப்பினார், தானே அவர்களுக்கு உறுதி கொடுத்தார். ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பி வந்தார்கள். பின்னாலே மற்றவர்களும் வந்தார்கள். பருவம் தப்பிப் போகிறதே, சீக்கிரம் விதையுங்கள் என்று அவர் சொன்னபோது, ஐயா எங்களுக்குச் செய்த தயவுக்காக இராப்பகலாய் உழைப்போம் என்று அவர்கள் சொன்னார்களாம்.

இதைப் படித்தபோதுதான் நான் புத்தகத்தை மூடிவிட்டு முழங்காலில் நின்றேன். அவர் எழுதின ஒரு செய்தியை நம்பி ஏழாயிரம் பேர் ஊர் திரும்பினார்கள். நான் கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் பார்த்து ஒரு குமாஸ்தா சிரித்தார்.

ராஜாவின் பிள்ளை

1787-இல் துளஜா ராஜா மரணப் படுக்கையில் இருந்தார். வாரிசு இல்லாததால் பத்து வயதுச் சிறுவன் சரபோஜியைச் சுவீகாரம் எடுத்திருந்தார். அந்தப் பிள்ளையை யார் கையில் ஒப்படைத்தார் தெரியுமா? சுவார்ட்ஸின் கையில். அரண்மனை நிறைய உறவினரும் மந்திரிகளும் இருக்க, ஒரு இந்து ராஜா தன் பிள்ளைக்கு அந்நிய தேசத்துப் போதகரைக் காவலராகத் தெரிந்துகொண்டார்.

வேறொருவராய் இருந்தால் இதுதான் சமயம் என்று ராஜ்ய பாரத்தையே கையில் எடுத்திருப்பார். சுவார்ட்ஸ் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ராஜாவின் சகோதரர் அமர்சிங் பொறுப்பில் இருக்கட்டும் என்று ஆலோசனை சொன்னார். ஆனால் அமர்சிங் தானே ராஜாவாகிவிட்டார். சுவீகாரம் செல்லாது என்று கம்பெனியும் அதை ஒத்துக்கொண்டது. பையனை வெளிச்சமில்லாத இடத்தில் அடைத்து, கல்வியும் கொடுக்காமல் வைத்தார்கள். அவர் சொன்ன ஆலோசனை நன்மையாக முடியவில்லை. தேவ மனிதரும் மனிதர்தான்.

ஆனால் அவர் அதோடு கைகழுவிவிடவில்லை. கம்பெனிக்கு எழுதினார், விடாமல் மன்றாடினார், பையனுக்குப் பாதுகாப்பும் படிப்பும் வாங்கிக் கொடுத்தார். 1793-இல் சரபோஜியையும் துளஜாவின் விதவைகளையும் சென்னைக்குக் கொண்டுபோக ஏற்பாடாயிற்று. சுவீகாரம் செல்லும் என்பதற்கான ஆதாரங்களையும் சுவார்ட்ஸ் எடுத்துக் காட்டினார். முடிவில் 1798-இல் சரபோஜி சிங்காசனம் ஏறினார். சரசுவதி மகால் நூலகத்தைப் பேணி வளர்த்த சரபோஜி மன்னர் இவர்தான்.

சரபோஜி கடைசி வரை இந்துவாகவே இருந்தார். சுவார்ட்ஸ் அவருக்குச் சுவிசேஷம் சொல்லாமல் இருந்ததில்லை, ஆனால் தன் கையில் இருந்த பிள்ளையைக் கட்டாயப்படுத்தவில்லை. தகப்பனைப் போல நேசித்தார். அவர் எடுத்து வளர்த்த இன்னொரு பிள்ளை கோலாஃப் ஐயர், பின்னாளில் அவரோடேகூட ஊழியம் செய்தவர். அவரிடத்தில் மாணவனாய் வந்த வேதநாயகம் சாஸ்திரியார் நம்முடைய தமிழ்ச் சபைகளுக்கெல்லாம் கீர்த்தனைகள் கொடுத்த கவிஞர்.

ஓட்டத்தின் முடிவு

1798 பிப்ரவரி 13-ஆம் தேதி, எழுபத்தோராம் வயதில், சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கடைசி நேரத்தில் உடன் ஊழியர்கள் பாட்டுப் பாடினபோது அவரும் கூடச் சேர்ந்து பாடினார். சரபோஜி அடக்க ஆராதனைக்கு வந்து, ஒரு மகனைப் போல அழுதார். கோட்டைக்கு வெளியே அவருடைய தோட்டத்தில் இருந்த ஆலயத்திலே அவரை அடக்கம் பண்ணினார்கள். தனக்கென்று இருந்த எல்லாவற்றையும் மிஷன் ஊழியத்துக்கே எழுதி வைத்திருந்தார்.

கல்லறைக்கு வேண்டிய வரிகளைச் சரபோஜியே ஆங்கிலத்தில் கவிதையாக எழுதினார். ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயச் சிற்பியைக் கொண்டு ஒரு பளிங்குச் சிற்பமும் செய்வித்தார். மரண படுக்கையில் இருக்கும் போதகரின் அருகே ராஜா நிற்கிற காட்சி அது. சிவகங்கைக் குளத்தருகே உள்ள ஆலயத்தில் அதைக் காணலாம். கம்பெனியாரும் சென்னை ஜார்ஜ் கோட்டை புனித மரியாள் ஆலயத்தில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். ஒரு இந்து ராஜாவும், வியாபாரம் ஒன்றையே அறிந்த கம்பெனியும் ஒரு ஏழைப் போதகருக்குச் சாட்சி கொடுத்தார்கள்.

நமக்கு என்ன?

சுவார்ட்ஸ் ஐயரிடத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவருடைய காலத்துச் சபைகளில் ஜாதி பார்த்துத் தனித்தனியே உட்காரும் வழக்கம் இருந்தது. அதை அவர் வேரோடு பிடுங்கிப் போடவில்லை. அந்தக் கசப்பான வேரைப் பிற்பாடு வந்தவர்கள் சந்திக்க வேண்டியதாயிற்று, நாமும் இன்னும் முழுவதும் பிடுங்கவில்லை. ஆகவே மனுஷனை அல்ல, அவருக்குள் கிரியை செய்த கிருபையையே பார்ப்போம்.

அவர் நம்முடைய பெந்தெகொஸ்தே எழுப்புதல் உண்டாவதற்கு நூறு வருஷத்துக்கும் முன்னால் வாழ்ந்தவர். நாம் அபிஷேகம் பெற்றவர்கள், அந்நிய பாஷை பேசுகிறவர்கள், வரங்களை வாஞ்சிக்கிறவர்கள். ஸ்தோத்திரம்! ஆனால் நம்முடைய தெருவில் இருக்கிற கடைக்காரர் நம்முடைய வார்த்தையை நம்பிக் கடன் கொடுப்பாரா? வீட்டுக்காரர் நம்முடைய வாக்கை நம்பிச் சாவியைக் கொடுப்பாரா? சாட்சி சொல்ல மேடை ஏறும்போதே நாம் கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிறோம் இல்லையா? காய்ச்சல் சுகமானதை, டாக்டர் கைவிட்டது என்கிறோம். நாற்பது பேர் வந்த கூட்டத்தை நானூறு என்று பத்திரிகையில் போடுகிறோம். போனில் வந்ததை உண்மையா என்று பார்க்காமல் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். தேவனுடைய மகிமைக்காகத்தானே என்று நினைக்கிறோம். சத்திய ஆவியானவர் பொய்யினால் மகிமைப்படுவாரா?

சின்ன விஷயத்தில் இழந்த நம்பிக்கை பெரிய சமயத்தில் வராது. பஞ்சம் வந்த அன்றைக்குச் சுவார்ட்ஸ் தன் பெயரைச் சம்பாதிக்கவில்லை. இருபது வருஷமாய்ச் சிறிய அறையில் இருந்து, வாங்கக் கூடாததை வாங்காமல், சொன்னதைச் செய்து, கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்த்த நம்பிக்கை அது. பஞ்ச நாளில் கர்த்தர் அதை எடுத்து உபயோகித்தார். தானியேலின் ஆறாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். சத்துருக்கள் தேடித்தேடிப் பார்த்தும் அவனுடைய வேலையில் ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. அந்தத் தானியேல் ஆலயத்தில் அல்ல, அந்நிய ராஜாவின் அலுவலகத்தில் வேலை பார்த்தவன்.

அந்தச் சகோதரனை நான் மறுபடியும் போய்ச் சந்தித்தேன். முதலில் என் கடிதத்தின் கதையை அவருக்குச் சொன்னேன். பிறகு மாடுகளின் கதையைச் சொன்னேன். உத்தமமா இருந்தா கஷ்டம் வராது என்று சொல்லவில்லை. ஐதர் அலியிடம் போன தூதுகூடத் தோல்விதான். ஆனால் உங்க ஆபீஸ்ல ஒரு நாள் யார் வார்த்தையை நம்பறதுன்னு தெரியாம எல்லாரும் முழிக்கிற நேரம் வரும், அன்னைக்கு உங்க மேசைக்குத்தான் வருவாங்க, அதுவரைக்கும் கை சுத்தமா இருக்கட்டும் என்று சொன்னேன். இருவரும் சேர்ந்து ஜெபித்தோம். அவர் இன்னும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், இன்னும் வாங்கவில்லை. அவருக்காக ஜெபியுங்கள். இப்போது சபைக் கடிதம் கேட்டு வருகிறவர்களுக்கு நான் உள்ளதை உள்ளபடியே எழுதிக் கொடுக்கிறேன். சிலருக்கு என்மேல் வருத்தம்தான். எனக்காகவும் ஜெபியுங்கள்.

ஜெபிப்போமா? எங்கள் அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் உதடுகளைச் சுத்திகரியும். ஜெபத்தில் ஒரு நாவும், கடைத்தெருவில் ஒரு நாவுமாய் நாங்கள் வாழ்ந்த நாட்களை மன்னியும். உம்முடைய ஊழியக்காரருக்குக் கொடுத்த உத்தமத்தை எங்களுக்கும் தாரும். உம்மை அறியாத ஜனங்கள் எங்கள் வார்த்தையை நம்பி வரத்தக்கதாக எங்களை மாற்றும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. மாரநாதா!